பெட்டியைப் பார்த்து ஆள் பிடித்த ஜெயமணி

சங்க மலருக்கு ஜெயமணியைப் பற்றி எழுதிக் கொடுத்தவர்கள் எல்லோரும் அவளை விளக்கு என்றும் அன்னை என்றும் எழுதியிருக்கிறார்கள். படித்துக் காட்டினார்கள். கேட்ட எனக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. விளக்காவது! அவள் பட்டாசு. திரி எந்தப் பக்கம் என்று தெரியாமல் கிட்டே போனால் புருவம் கருகும். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் இருபத்தைந்து வருஷம் அவளோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியது நான்தான். அதனால் நான் சொல்வதைச் சொன்னபடியே போடுங்கள். நடுவில் யாரும் மெழுக வேண்டாம்.

ஜெயமணி போர்ட் பிளேருக்கு வந்தது ஐம்பத்தாறாம் வருஷம். அவள் அப்பாவுக்கு சர்க்காரில் தச்சு வேலை. வந்த இரண்டாம் வருஷமே சிவகங்கைப் பக்கத்துச் சிப்பாய் சொக்கலிங்கத்துக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். புருஷனோடு எத்தனை வருஷம் வாழ்ந்தாய் என்று யாராவது கேட்டால் வருஷத்தில் பதில் சொல்லமாட்டாள். "மூணு லீவு" என்பாள். நாலாவது லீவுக்கு அவன் வரவில்லை. அறுபத்திரண்டில் பனிமலையில் போய்விட்டான். தந்தி மட்டும் வந்தது.

அழுது முடித்ததும் அவளுக்கு ஒரு காகிதம் வேண்டியிருந்தது. அவன் போன தேதியும் இடமும் எழுதி, முத்திரை குத்திய காகிதம். ஐந்து நாள் நடந்தாள். இந்த மேஜையில் கேட்டால் அந்த மேஜை, அந்த மேஜையில் கேட்டால் நாளைக்கு. ஆறாம் நாள் காலையில் பத்துபஸ்தியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அதற்கு முன்னால் அவளைக் குழாயடியில் பார்த்ததோடு சரி.

"மரகதக்கா, நீங்க என்கூட ஆபீஸுக்கு வரணும்."

"எனக்கு என்னடி தெரியும்? நான் கைநாட்டு."

"நீங்க பேச வேணாம்க்கா. நான் பேசிக்கிறேன். நீங்க சும்மா பக்கத்துல உக்காந்து அந்த ஆளை முறைச்சா போதும்."

என் முகம் அப்படி. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சண்டைக்கு வந்தவள் போலத்தான் இருப்பேன் என்று என் மாமியாரே சொல்லியிருக்கிறாள். அவள் ஒன்றும் சாது இல்லை. போனேன். உட்கார்ந்தேன். முறைத்தேன். கால் மணி நேரத்தில் காகிதம் வந்துவிட்டது. வெளியே வந்து படியில் நின்று ஜெயமணி சிரித்தாள் பாருங்கள், புருஷன் போன பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. பியூன் எட்டிப் பார்த்து, "க்யா ஹுவா?" என்றான். அவனையும் ஒரு முறை முறைத்தேன். உள்ளே போய்விட்டான்.

"அக்கா, இது நல்லா இருக்கே! இனிமே எந்தச் சிப்பாய் வீட்டுப் பொம்பளையும் ஆபீஸுக்குத் தனியா போகக் கூடாது. ஒருத்தி பேசணும், ஒருத்தி முறைக்கணும்."

சங்கம் பிறந்தது அந்தப் படியில்தான். குத்துவிளக்கு ஏற்றினார்கள், தலைவர் வந்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் வீட்டுக்காரர் ஜம்புலிங்கம் பட்டாளத்தில் பிகில் ஊதியவர். பிறகு சர்க்கார் லாரி ஓட்டினார். அவர்தான் ஒரு தகரத்தில் 'சிப்பாய் வீட்டார் சங்கம்' என்று பெயிண்டில் எழுதி ஜெயமணி வீட்டு வாசலில் அடித்தார். சங்கத்தின் சொத்து அந்தத் தகரம், ஒரு சாம்பார் வாளி, அவருடைய பிகில். பிகிலை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது என்று கல்யாணமான மறுநாளே நான் உத்தரவு போட்டிருந்தேன். சங்கம் வந்ததும் மனுஷன் பத்து வயது குறைந்தவர் போல ஆகிவிட்டார்.

அறுபத்தொன்பது, எழுபதில் பட்டாளத்தை விட்டு வந்தவர்களுக்குத் தெற்குக் கோடியில் கேம்பல் பேயில் காடு வெட்டிக் குடியேற நிலம் கொடுத்தார்கள். சில ஆண்கள் முன்னால் வந்து போர்ட் பிளேரில் காத்திருப்பார்கள். கப்பல் நாளில் நிலத்துக்கான வரிசையை விட்டு அவர்களால் நகர முடியாது. பெண்டு பிள்ளைகள் பின்னால் மெட்ராஸ் கப்பலில் வருவார்கள். நாலு நாள் கடல். சாத்தம் ஜெட்டியில் இறங்குகிறவர்களுக்கு இட்லி சாம்பார் கொடுத்து, லாரியில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து போகும் தீவுக் கப்பலில் புருஷனோடு சேர்த்து ஏற்றிவிட வேண்டும். இதுதான் எங்கள் வேலை.

கேட்கச் சுலபம். இறங்குகிற முந்நூறு பேரில் எவள் எந்தச் சிப்பாயின் வீடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் காலத்துப் பொம்பளை புருஷன் பேரைச் சொல்வாளா? ஒருத்தியைக் கேட்டால், "பழனியில நிக்கிறாரே, அவரு பேரு" என்றாள். எங்கள் சீட்டில் முருகனின் பேரில் நாலு பேர் இருந்தார்கள். இன்னொருத்தி வாயே திறக்கவில்லை. கிழக்கே வானத்தை நோக்கிக் கையைக் காட்டினாள். மழை வருகிறது என்கிறாளாக்கும் என்று நாங்கள் குடையைத் தேடினோம். அவள் புருஷன் பேர் உதயசூரியன்.

அன்றைக்குத்தான் ஜெயமணிக்கு அந்த யோசனை வந்தது.

"நாம ஏன்க்கா இவளுங்க வாயைப் பாத்துட்டு நிக்கணும்? பெட்டியைப் பாத்தா போதுமே!"

பட்டாளத்துக்காரன் வீட்டில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி இருக்கும். மூடி மேல் வெள்ளை பெயிண்டில் பேர், ரேங்க், நம்பர். அவன் ஓய்வு வாங்கினாலும் பெட்டி ஓய்வு வாங்காது. பெண்டாட்டி ஊருக்குப் போனாலும் வந்தாலும் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவாள். ஜெயமணி காத்திருக்கும் ஆளிடம் நம்பரைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வாள். ஜெட்டியில் அந்தச் சீட்டைப் பெட்டி மேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்திப் பார்ப்பாள். சரியாக இருந்தால் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சலோ!" என்பாள். அவ்வளவுதான். பதினோரு குடும்பம் இப்படிச் சேர்த்தோம், ஒன்றுகூடத் தவறவில்லை. "பெட்டிதான் ஆளு" என்பது அவளுக்கு மந்திரம் போல் ஆகிவிட்டது.

பன்னிரண்டாவது ஆள் ஹவில்தார் ராஜமாணிக்கம். குடியாத்தத்துக்காரர். சண்டையில் வலது காலில் குண்டு பட்டு, சாய்ந்து சாய்ந்து நடப்பார். ஊரில் இருந்த ஒரு துண்டு வீட்டையும் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, இனி இருந்தால் அந்தத் தீவில்தான் என்று வந்தவர். ஜெயமணி வீட்டுக் கொட்டகையில் ஒரு மாதம் தங்கினார். தினமும் காலையில் எழுந்து எனக்குப் பார்க்கவே சிரிப்பு வரும் அளவுக்கு மீசையைச் சீவிக்கொள்வார். "பூங்கோதை வர்ற அன்னைக்குக் கலைஞ்சு கிடக்கக் கூடாது தங்கச்சி" என்பார்.

கஷ்டம் என்னவென்றால், குடும்பத்தோடு ஃபீனிக்ஸ் பேயில் ஆஜர் கொடுத்தால்தான் நிலம். பெண்டாட்டி இல்லாமல் தனியாளாய்ப் போகிறவன் காட்டில் நிலைக்கமாட்டான் என்று மேலே யாருக்கோ எண்ணம். ஆஜர் புத்தகத்தில் குடும்பம் இல்லை என்று கோடு விழுந்தால், நிலம் வரிசையில் அடுத்து நிற்பவனுக்கு. அந்த அடுத்தவன் நாலு பிள்ளை, ஒரு ஆடு சகிதம் ஏற்கெனவே ஜெட்டியில் வந்து உட்கார்ந்துவிட்டான். ஆள் நல்லவன்தான், ஆனால் ராஜமாணிக்கத்தை அவன் பார்த்த பார்வை இருக்கிறதே, பந்தியில் எழப் போகிறவனைப் பின்னால் நிற்கிறவன் பார்க்கிற பார்வை.

எழுபதாம் வருஷம், தை மாதம். மெட்ராஸ் கப்பல் இரண்டு நாள் தாமதம். தீவுக் கப்பல் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பும் என்றிருந்த அதே நாள் காலை ஒன்பது மணிக்கு அது சாத்தத்தில் வந்து நின்றது. ராஜமாணிக்கத்தை வரிசையை விட்டு நகராதே என்று ஃபீனிக்ஸ் பேயில் நிறுத்திவிட்டு, இட்லி, சாம்பார் வாளி, ஒரு செம்பருத்தி மாலை எல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் பறந்தோம்.

ஜெட்டியில் கூட்டம் பொங்கிக்கொண்டிருந்தது. ஜெயமணி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். தூரத்தில் கறுப்புப் பெட்டி. மேலே நெட்டையாக ஒரு இளம் பெண், மடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாள். ஜெயமணி ஓடிப் போய், அவளைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் முழங்காலைத் தள்ளிவிட்டு நம்பரைப் பார்த்தாள். விரலை நகர்த்தினாள். அத்தனை எழுத்தும் சரி.

"வேலூர் பக்கம்தானேம்மா?"

"ஆமாங்க, ஆம்பூரு."

"குடியாத்தமும் ஆம்பூரும் என்ன தூரம்! உன் வீட்டுக்காரரு ஃபீனிக்ஸ் பே ஜெட்டில காத்திருக்காரு. ஜல்தி வா, நேரமில்ல."

"ஆமாங்க, லெட்டர்லயும் ஃபீனிக்ஸ் பேன்னுதான் போட்டிருந்தாரு. அவரு வரலீங்களா?"

"அங்கேருந்து நகர முடியாது. எங்களைத்தான் அனுப்பினாரு."

"ஆனா இந்தப் பெட்டியை விட்டுட்டு நான் வரமாட்டேன்."

"விடுவோமா?" என்று ஜெயமணி சிரித்தாள். "பெட்டிதானேடி ஆளே!"

என் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கினார், நான் அந்தப் பெண்ணைத் தூக்காத குறையாக லாரியில் ஏற்றினேன். ஜெயமணி மாலையைப் போட்டாள். லாரி கிளம்பியது. இறங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பேரைக் கேட்டீர்களா என்றால், எங்கே கேட்டோம்!

வழியில் ஜெயமணி அவளுக்குத் தைரியம் சொன்னாள்.

"காடு வெட்டுறது மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். பழகிடும்."

"காடா?" அந்தப் பெண் திடுக்கிட்டாள். "ஆபீஸ்ல உக்காந்து எழுதுற வேலைன்னாரே!"

"பொண்ணு கேக்க வரும்போது ஆம்பளைங்க எல்லாம் அப்படித்தான்டி சொல்லுவாங்க. இப்ப ஒரு கப்பல், மூணு நாள். அப்புறம் உன் ராஜ்ஜியம்."

"இன்னொரு கப்பலா? அவரு ஒரு வார்த்தை சொல்லலையே!"

"கால் வலியில மறந்திருப்பாரு, பாவம்."

"கால் வலியா?"

"குண்டு பட்ட கால் இல்லையா, குளிர்ந்தா குடையும்."

அந்தப் பெண் தூக்குவாளியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். "ஐயோ! கல்யாணத்தப்போ நேராத்தானே நடந்தாரு! மூணு மாசத்துக்குள்ள யாருங்க சுட்டாங்க?"

எனக்கு அப்போதே கணக்கு எங்கேயோ இடித்தது. ஆனால் சங்கத்தில் என் வேலை முறைப்பது. யோசிப்பது ஜெயமணியின் வேலை. அவளோ சீட்டையும் பெட்டியையும் இன்னொரு முறை ஒத்துப் பார்த்துவிட்டு, "புதுசா வர்றவளுக்கு மண்டை கொஞ்சம் குழம்பும்க்கா" என்று என் காதில் சொன்னாள்.

ஃபீனிக்ஸ் பேயில் இருபத்திரண்டு குடும்பம் மூட்டை முடிச்சோடு வரிசையில் நின்றது. ஆஜர் மேஜையில் பேர் எழுதும் குமாஸ்தா பாபு இல்லை, எங்கேயோ அவசரமாகப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் லாரியை நிறுத்தின கையோடு பிகிலை எடுத்து வரவேற்பு ஊதினார். ராஜமாணிக்கம் மீசையைத் தடவிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து ஓடி வந்தார். வந்தவர் நின்றார். லாரிக்குள் எட்டிப் பார்த்தார். லாரிக்கு அடியில் பார்த்தார்.

"தங்கச்சி, எங்க அவ?"

"இதோ நிக்கிறாளே! மாலையைப் பாருங்க அண்ணே."

"இது என் வீடு இல்ல."

"நல்லாப் பாருங்க. நாலு நாள் கடல்ல வந்தா முகம் கொஞ்சம் மாறும்."

"முகம் மாறும் தங்கச்சி, உயரம் மாறுமா? பூங்கோதை என் தோளுக்கு இருப்பா. இந்தப் பொண்ணு என்னைவிட ஒரு சாண் அதிகம்!"

"இவரு யாருங்க?" என்றாள் அந்தப் பெண்.

"உன் புருஷன்" என்றாள் ஜெயமணி. குரலில் கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது.

அவள் பெட்டிக்குப் பின்னால் தாவித் தூக்குவாளியை ஓங்கினாள். "யாரும் கிட்ட வராதீங்க! போட்டேன்னா மண்டை பொளந்துடும்! என் பேரு மங்கையர்க்கரசி. என் வீட்டுக்காரரு கால் நல்ல காலு!"

"அப்ப இந்தப் பெட்டி?"

"இது பூங்கோதை அக்கா பெட்டி! கப்பல்ல பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. நாலு நாளும் வாந்தி எடுத்து எடுத்து அவங்க துவண்டு போனாங்க. கப்பல் நின்னதுமே டாக்டர் ஜீப்புல ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டாரு. பெட்டியை நான் பாத்துக்கிறேன்னு சத்தியம் பண்ணிட்டு உக்காந்திருந்தேன். நீங்க வந்து என்னையும் சேத்துத் தூக்கிட்டு வந்துட்டீங்க!"

ராஜமாணிக்கம் அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். "உயிருக்கு ஒண்ணும்..."

"ஒண்ணுமில்லண்ணா. கரை வந்ததும் மோர் கேட்டாங்க."

ஜெயமணி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பதினோரு குடும்பம் சேர்த்த பெருமையெல்லாம் அந்தச் செம்பருத்தி மாலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் அடுத்தவனின் ஆடு எட்டித் தின்னத் தொடங்கியிருந்தது.

அப்போது சைக்கிளில் வியர்த்து விறுவிறுத்து ஆஜர் பாபு வந்து சேர்ந்தார். பேர் பக்தவத்சலம், சின்ன வயசு. முன்பு ஒரு முறை என்னிடம் முறைப்பு வாங்கியவர். "யாராவது பாத்தீங்களா? சாத்தம் முழுக்கத் தேடிட்டேன். மெட்ராஸ் கப்பல்ல வந்த என் மனைவியைக் காணோம்! ரெண்டு பொம்பளைங்க லாரியில கடத்திட்டுப் போயிட்டாங்கன்னு..." என்றவர் நிமிர்ந்து பார்த்தார். மாலையும் கழுத்துமாய் அவர் பெண்டாட்டி. பக்கத்தில் மீசையோடு ஹவில்தார்.

"மங்கை!"

"என்னங்க!" அவள் கண் நேரே அவர் காலுக்குப் போனது. "நடந்து காட்டுங்க!"

"என்னது?"

"நாலு அடி நடந்து காட்டுங்கங்கறேன்!"

பாவம், நடந்து காட்டினார். நேராகத்தான் இருந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள், வரிசையில் நின்ற இருபத்திரண்டு குடும்பமும் சேர்ந்து சிரித்தது. எனக்கே வாய் கோணிவிட்டது, என்னை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் பாபுவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேஜையில் உட்கார்ந்து ஆஜர் புத்தகத்தைப் பிரித்தார். "மணி பதினொண்ணரை. ஹவில்தார் ராஜமாணிக்கம், குடும்பம் எங்கே?"

"ஆஸ்பத்திரியில இருக்கா பாபு. ஊருக்குள்ளதான் இருக்கா" என்றாள் ஜெயமணி.

"ஆள் நேர்ல நிக்கணும். கப்பல் கிளம்பறப்ப இல்லேன்னா கோடுதான். நான் என்ன பண்ண? ரூல்."

ராஜமாணிக்கம் பெட்டியை விட்டு எழுந்து விறைப்பாக நின்றார். மீசை மட்டும் கொஞ்சம் சரிந்த மாதிரி இருந்தது. அடுத்தவன் ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்து நின்றான். ஆஸ்பத்திரிக்குப் போய் அவளை எழுப்பித் திரும்ப ஒரு மணி நேரமாவது வேண்டும். கப்பலோ அரை மணியில் கிளம்பும். பலகை போட்டாயிற்று, ஆட்கள் ஏற வேண்டியதுதான் பாக்கி.

ஜெயமணி உதட்டைக் கடித்தாள். அந்தப் பலகையைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். பிறகு என் வீட்டுக்காரரின் கையிலிருந்த பிகிலைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, அதை இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுகிறது.

"அண்ணே, இந்த வரிசையில ரேங்க் பெருசு யாருக்கு?"

"எனக்குத்தான் தங்கச்சி. மத்தவங்க எல்லாம் நாயக், சிப்பாய்."

"அப்ப நீங்க சொன்னாதானே கலைவாங்க?"

ராஜமாணிக்கத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் மீசை தானாக நிமிர்ந்துகொண்டது.

"ஜம்பண்ணே, ஊதுங்க!"

என் வீட்டுக்காரர் லாரிப் படியில் ஏறி நின்று, கன்னம் பூசணிக்காய் போல உப்ப, அணிவகுப்புக்கு ஊதினார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவரைப் பார்த்து நான் பெருமைப்பட்டது அந்த ஒரு தடவைதான். எழுதிக்கொள்ளுங்கள், அவர் காதில் விழாது. பட்டாளத்துக்காரன் உடம்பில் அந்த ஊதல் எங்கேதான் ஒளிந்திருக்குமோ! மூட்டையைத் தூக்கியவன் மூட்டையைப் போட்டான். பீடி பற்றவைத்தவன் பீடியைப் போட்டான். ஒருவன் கையிலிருந்த குழந்தையைப் பக்கத்துப் பொம்பளையிடம் கொடுத்துவிட்டு ஓடினான். அது அவன் பெண்டாட்டிகூட இல்லை. ஜெட்டியில் இரண்டு வரிசை, கோடு போட்டது போல. அடுத்தவனும் ஆட்டுக் கயிற்றை விட்டுவிட்டு வரிசையில் போய் நின்றுகொண்டான். ஆள் நல்லவன் என்று நான்தான் சொன்னேனே.

ராஜமாணிக்கம் முன்னால் போய் நின்று, "சாவ்தான்!" என்றார். அத்தனை குதிகாலும் ஒரே சத்தம்.

ஜெயமணி லாரியில் தாவினாள். "நான் வர்ற வரைக்கும் கலைக்காதீங்க! அக்கா, பாபுவைப் பாத்துக்கோங்க!"

பார்த்துக்கொண்டேன். பாபுவின் மேஜைக்கு எதிரில் ஒரு மூட்டையைப் போட்டு உட்கார்ந்து முறைத்தேன். வெயில் ஏறியது. பன்னிரண்டானது. கப்பல் ஊதியது. மேலிருந்து கப்பல்காரன், "அரே, க்யா ஹோ ரஹா ஹை? ஜல்தி சடோ!" என்று சீக்கிரம் ஏறச் சொல்லிக் கத்தினான். யாரும் இமைக்கவில்லை. பிள்ளைகளும் அப்பன்மாருக்குப் பின்னால் விறைத்துக்கொண்டு நின்றார்கள். பொம்பளைகள் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் அசையாமல் நிற்கும் வாய்களில் ஊற்றினார்கள். பாதி மீசையில்தான் போயிற்று.

பாபு ஓடிப் போய் ராஜமாணிக்கத்தின் முன்னால் நின்றார். "சார், கலையச் சொல்லுங்க சார். எனக்கு மேலேருந்து திட்டு விழும்."

ராஜமாணிக்கம் கண்ணை நேரே கடலில் வைத்துக்கொண்டு சொன்னார், "ஆஜர் முடியல பாபு. ஒரு ஆள் குறையுது."

பாபு என்னிடம் வந்தார். "அம்மா, நீங்களாவது சொல்லுங்க..." என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். மங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து எனக்கு ஒரு முறுக்குக் கொடுத்தாள். மென்றுகொண்டே அவளும் தன் புருஷனை முறைத்தாள். முதல் முறைப்பு, பழக்கமில்லாததால் கண்ணில் நீர் வந்தது. ஆனால் கையில் தொழில் இருப்பது தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பிறகுதான் கேட்டேன். பூங்கோதை கட்டிலில் சுருண்டு கிடந்தாளாம். கப்பல் என்ற சொல்லைக் கேட்டதுமே திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். "நான் செத்தாலும் கரையிலதான் சாவேன். அந்தச் சனியன்ல ஏறமாட்டேன்."

ஜெயமணிக்குக் கெஞ்சத் தெரியாது. "ஏறாத. ஆனா ஒரு விஷயம் கேட்டுக்கோ. உன் புருஷன் அந்த நொண்டிக் காலோட, இருபது பேரை வெயில்ல விறைப்பா நிறுத்திட்டு, கப்பலையே மறிச்சுட்டு நிக்கிறாரு. ஒரு மாசமா உனக்காக மீசை சீவினாரு, அந்த மீசையில இப்ப காக்கா வந்து உக்காரப் போவுது. எனக்கு மூணு லீவுதான் கிடைச்சுது. உனக்கு ஒரு தீவே கிடைக்குது, வாந்திக்குப் பயந்து வேணாங்கறியா?"

பூங்கோதை இந்தப் பக்கம் திரும்பினாளாம். பிறகு, "மீசையா சீவினாரு?" என்றாளாம். அப்புறம் எழுந்து உட்கார்ந்து, "ஒரு வாளி குடுங்கக்கா" என்றாளாம். டாக்டர் நாடி பார்த்து, வயிறு காலியாகத்தான் இருக்கிறது, வேறொன்றுமில்லை, போகலாம் என்றாராம். லாரியில் இருந்தது எங்கள் சாம்பார் வாளி ஒன்றுதான்.

அந்த வாளியை மடியில் கட்டிக்கொண்டு, வெளுத்துப்போய், பன்னிரண்டே முக்காலுக்குப் பூங்கோதை ஜெட்டியில் இறங்கினாள். ராஜமாணிக்கம் கண்ணைத் திருப்பவில்லை, விறைப்பில் திரும்பக் கூடாது. ஆனால் மீசை நடுங்கியது எனக்கே தெரிந்தது.

பாபு புத்தகத்தைப் பிரித்தார். ஒரு ஏமாற்றம் போதாதா அவருக்கு, இந்த முறை எதையும் நம்பத் தயாராக இல்லை. "நீங்கதான் இவர் மனைவின்னு எனக்கு எப்படித் தெரியும்? காலையில ஒருத்தியை மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினாங்க. உங்க வாயால வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க."

பூங்கோதை தலை குனிந்தாள். கையை நீட்டினாள், பெட்டியை நோக்கி.

"பெட்டியெல்லாம் ஆகாது. பேர் வேணும்."

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், வாளிக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் மங்கை எழுந்தாள். எழுந்தால் பாபுவைவிட அரை அடி உயரம்.

"ஏங்க, என்னை இவங்க லாரியில தூக்கிட்டு வந்தாங்களே, எதுக்கு? உங்க பேரை நான் வாய் திறந்து சொல்லியிருந்தா தூக்கியிருப்பாங்களா?"

"சொல்லியிருக்கலாமே!"

"சொல்லுவேனா? நான் என்ன மானங்கெட்டவளா? அப்ப அவங்க மட்டும் சொல்லணுமா? எழுதுங்க. பூங்கோதை அக்காதான் இது. நாலு நாள் இவங்க தலையை நான் பிடிச்சிருக்கேன்."

பாபு அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே முறைப்பு. பேனாவைத் தொட்டு எழுதினார்.

"குடும்பம், ஆஜர்" என்றார்.

"விசர்ஜன்!" என்று ராஜமாணிக்கம் கத்தினார். இரண்டு வரிசையும் கலைந்து ஆளாளுக்கு மூட்டையைத் தேடி ஓடியது. அவர் சாய்ந்து சாய்ந்து வந்து பூங்கோதை முன்னால் நின்றார். ஒரு மாதம் காத்திருந்த மனுஷன் என்ன சொல்லப்போகிறார் என்று நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டினோம்.

"சாப்பிட்டியா?" என்றார்.

அவள் வாளிக்குள் குனிந்தாள். எல்லோருக்கும் மறுபடி சிரிப்பு. அடுத்தவனுக்கும் அன்றைக்கு இடம் கிடைத்துவிட்டது, வேறு ஒரு குடும்பம் அம்மையில் படுத்ததால். ஆட்டோடு ஏறினான். கப்பல் நகர்ந்த பிறகுதான் ஜெயமணிக்கு நினைவு வந்தது.

"ஐயையோ, வாளி! ஏ பூங்கோதை! அது சங்கத்து வாளிடி!"

பூங்கோதை கம்பியைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டினாள். மற்றக் கையில் வாளி. வேண்டுமா என்று நீட்டிக் காட்டினாள்.

"வேணாம்! வெச்சுக்கோ!" என்று நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினோம்.

மங்கை மறுநாளே சங்கத்தில் சேர்ந்தாள். பாபு மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை, சொல்லித்தான் பார்க்கட்டுமே. ஜெயமணி தன் முறையை மாற்றினாளா என்றால், இல்லை. அதற்குப் பிறகும் பெட்டியைத்தான் முதலில் பார்ப்பாள். ஆனால் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பவளிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பாள்: "இது உன் பெட்டிதானாடி? சத்தியமா?"

ஒரு வருஷம் கழித்துத் தீவுக் கப்பலில் அந்த வாளி திரும்பி வந்தது. நிறைய மரவள்ளிக்கிழங்கு, அவர்கள் நிலத்தில் விளைந்தது. கிழங்கைக் கொட்டிவிட்டு வாளியைக் கழுவத் திருப்பினால், வெளிப்பக்கம் வெள்ளை பெயிண்டில் பளிச்சென்று ராஜமாணிக்கத்தின் பேர், ரேங்க், நம்பர். பட்டாளத்துக்காரன் கைக்கு வந்த எதையும் சும்மா விடமாட்டான்.

"நம்ம வாளியில இவரு நம்பரா! வரட்டும், மீசையைப் பிய்க்கிறேன்" என்று ஜெயமணி ஒரு வாரம் திட்டினாள். அழித்தாளா என்றால், அதுவும் இல்லை. சாகும்வரை அந்த வாளியில்தான் பத்துபஸ்திக் குழாயில் தண்ணீர் பிடித்தாள். புதிதாகக் குடிவந்த பொம்பளைகள் யாராவது எழுத்தைப் படித்துவிட்டு, "நீங்க ஹவில்தார் வீடாம்மா?" என்று கேட்பார்கள்.

"ஹவில்தார் வீடா? ஹவில்தாரே நான்தான்" என்பாள் ஜெயமணி. "ஒரு சலாம் வெச்சுட்டு வழியை விடு."

விட்டுவிடுவார்கள். பின்னால் நான் நிற்பேன் இல்லையா, முறைத்துக்கொண்டு.